பெருந்தொற்றுக்குப் பிறகு பல் மருத்துவம் எங்கே படிக்கலாம்? பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழகம் போவதற்கு முந்தைய எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடிவுகள் வந்துவிட்டால் என் கைப்பேசிக்கு ஓய்வே கிடையாது. பிறையில் பல் கிளினிக் வைத்திருக்கிறேன் என்பதால் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஆள்மாற்றி ஆள் கேட்கிறார்கள்: பிள்ளையைப் பல் டாக்டருக்குப் படிக்க வைக்கலாமா, எங்கே சேர்க்கலாம், மறுபடியும் கொரோனா மாதிரி ஒன்று வந்தால் பாதியில் நின்றுவிடுமா? ஒவ்வொருவருக்கும் வாட்சாப்பில் குரல்பதிவு அனுப்பித் தொண்டை கட்டிவிட்டது, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பதில்களில் என் சொந்த அபிப்பிராயம் நிறையவே கலந்திருக்கும், அதைத் தெரிந்துகொண்டு படியுங்கள்.

கொரோனா எப்போதோ முடிந்துவிட்டது. இன்னும் அதை வைத்தா கல்லூரி தேடுவது?

முடிந்தது உண்மைதான். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, 2022 ஏப்ரல் 1-இல் எல்லைகளைத் திறந்துவிட்டார்கள். ஆனால் பல் மருத்துவம் ஐந்து வருடப் படிப்பு. 2020-இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை 2025 வாக்கில்தான் வெளியே வரும். அந்தப் பிள்ளைகள் எதற்குப் பயந்து எங்கே போய்ச் சேர்ந்தார்கள், சேர்ந்த இடம் அவர்களை எப்படிக் காப்பாற்றியது அல்லது கைவிட்டது என்பதெல்லாம் இப்போதுதான் வெளியே தெரிய வருகிறது.

இன்னொன்றும் உண்டு. சாதாரண நாளில் எல்லாக் கல்லூரியும் நல்ல கல்லூரிதான். விளம்பரத் தாளில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள், பல்வரிசையும் அழகாகத்தான் இருக்கும். நோயாளி வராத நாளில், விரிவுரையாளர் தனிமைப்படுத்தப்பட்ட நாளில், அந்த நிர்வாகம் மாணவனுக்காக என்ன செய்தது என்று கேட்டால்தான் உள்ளே இருப்பது தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு இரண்டு வருடச் சான்று கையில் இருக்கிறது. அதை ஏன் விட வேண்டும்?

அந்தச் சமயத்தில் பிள்ளைகளின் முடிவு உண்மையிலேயே மாறியதா, அல்லது சும்மா பேச்சா?

மாறியது. ஒரே காரணத்தால் அல்ல, நாலைந்து காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

முதலில் தேர்வுகளே குழம்பிவிட்டன. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்., 2020-ஆம் ஆண்டுக்கானது 2021 பிப்ரவரியில்தான் தொடங்கியது, முடிவு ஜூனில் வந்தது. எஸ்.டி.பி.எம். கடைசிப் பருவத் தேர்வும் தள்ளிப்போனது. கேம்பிரிட்ஜ் ஏ-லெவலில் 2020 மே, ஜூன் தேர்வையே ரத்து செய்து, பள்ளி அனுப்பிய மதிப்பீட்டை வைத்து மதிப்பெண் கொடுத்தார்கள். கையில் சரியான முடிவு இல்லாமல், கால அட்டவணையும் இல்லாமல் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை எதை நம்பி இடம் தேடும்? எந்தக் கல்லூரி முதலில் “வா” என்று சொன்னதோ அங்கே போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பெற்றோரின் பயம். வெளிநாடு வேண்டாம், வெளிமாநிலமும் வேண்டாம், சாயங்காலம் வீட்டுக்கு வருகிற மாதிரி ஓர் இடம் பார் என்றார்கள். பணம் இன்னொரு பக்கம் இறுக்கியது. நேரில் போய்ப் பார்க்க வழியில்லாததால் இணையத்தில் பார்த்ததையும் சீனியர் அக்கா அண்ணன்கள் சொன்னதையும் நம்பியே முடிவெடுத்தார்கள். இதில் சீனியர்களை நம்பியது மட்டும் நல்ல காரியம் என்பேன்.

வேறு சிலர் பல் மருத்துவத்தையே கைவிட்டு மருந்தியலுக்கும் கணினிக்கும் போய்விட்டார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: தொலைக்காட்சியில் முன்களப் பணியாளர்களைப் பார்த்துவிட்டு, எனக்கும் மருத்துவத் துறைதான் வேண்டும் என்று வந்தவர்கள்.

பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு மட்டும் ஏன் அவ்வளவு அடி? மற்ற படிப்புகளும்தானே இணையத்துக்குப் போயின?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லா பதில்களும் இதை நம்பித்தான் நிற்கின்றன.

பல் மருத்துவ மாணவன் மூன்றாம் ஆண்டு வாக்கில் நோயாளியைத் தொடத் தொடங்குகிறான். பட்டம் வாங்குவதற்குள் இத்தனை பல் அடைத்திருக்க வேண்டும், இத்தனை பல் பிடுங்கியிருக்க வேண்டும், ரூட் கெனால் இத்தனை, பல் செட் இத்தனை என்று கணக்கு உண்டு. மற்ற மருத்துவ மாணவர்கள் வார்டில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வது அதிகம். இங்கே மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்க, மாணவனே செய்தாக வேண்டும். நோயாளி இல்லையென்றால் படிப்பே இல்லை.

அந்த நோயாளியின் வாய்க்குள்ளேதான் பிரச்சினை. பல் துளைக்கும் டிரில் நிமிடத்துக்கு மூன்று இலட்சம் சுற்றுக்கு மேல் ஓடும், பல் சூடேறாமலிருக்கத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரும் எச்சிலும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத தூவானமாகக் காற்றில் நிற்கும். எச்சிலில் கிருமி இருக்கிறது என்று தெரிந்த பிறகு எந்த நிர்வாகம் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, மாணவர்களை ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் டிரில் ஓட்டச் சொல்லும்? பல நாடுகளிலும் பல்கலைக்கழகக் கிளினிக்குகளை மூடினார்கள். இங்கேயும் ஆரம்பத்தில் அவசர சிகிச்சை மட்டும்தான். மறுபடி திறந்தபோதும் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலி, நடுவே தடுப்பு, ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையே காற்று மாறுவதற்கு நேரம் என்று பாதி வேகத்தில்தான் ஓடியது.

பல் செட் கேஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பல்கூட இல்லாத பெரியவருக்கு முழுச் செட் செய்ய ஐந்து தடவையாவது அவர் வரவேண்டும். முதலில் ஈறுக்குத் தோராயமாக அச்சு எடுப்பது, அடுத்த முறை துல்லியமான அச்சு, பிறகு மேல்தாடையும் கீழ்த்தாடையும் எந்த உயரத்தில் சேர்கின்றன என்று மெழுகுக் கட்டையை வைத்து அளப்பது, அதன்பின் மெழுகில் பற்களை அடுக்கி வாயில் போட்டுப் பார்ப்பது, கடைசியில் செட்டைக் கொடுப்பது. கொடுத்தபின் ஈறு உரசுகிறதா என்று பார்க்க இன்னொரு முறை. மூன்றாவது தடவை முடிந்த நிலையில் கதவு மூடப்பட்டது என்று வையுங்கள். பல் பிடுங்கிக் கொஞ்சகாலமே ஆனவர் என்றால் சில மாதங்களில் ஈறு எலும்பு கரைந்து வடிவம் மாறிவிடும், எடுத்த அச்சு உதவாது, மறுபடி முதலிலிருந்துதான். அதுவும் அந்த நோயாளி யார்? எழுபது வயதுத் தாத்தா. நோய்க்கு அதிகம் பயப்பட வேண்டியவரும் அவர்தான், வீட்டிலிருந்து வெளியே விடாதவர்களும் அவர் பிள்ளைகள்தான். எவ்வளவு கெஞ்சினாலும் வருவாரா?

நல்ல காலத்திலேயே மாணவர்கள் நோயாளியைத் தேடி அலைவார்கள். சொந்த அத்தையை, பக்கத்து வீட்டு ஆண்ட்டியை, கோவிலில் பழக்கமான தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வருவதும், பேருந்துக் காசைத் தாங்களே கொடுப்பதும் சகஜம். கட்டுப்பாட்டுக் காலத்தில் பத்து கிலோமீட்டருக்கு அப்பால் போகக்கூடாது என்றபோது அந்த வழியும் அடைபட்டது.

அப்படியென்றால் பொம்மையில் பழகிவிட்டு வந்த டாக்டர்களா இப்போது நம் வாயில் கை வைக்கிறார்கள்?

இதை ஒரு ஆண்ட்டி என் நாற்காலியிலேயே படுத்துக்கொண்டு கேட்டார், வாயில் பஞ்சு வைத்த பிறகுதான் பேச்சு நின்றது.

பயப்படத் தேவையில்லை. பொம்மைத் தலையில் பழகுவது கொரோனாவுக்கு முன்பே எல்லாக் கல்லூரியிலும் உண்டு. ரப்பர் கன்னத்துக்குள் பிளாஸ்டிக் பற்களைத் திருகி வைத்திருப்பார்கள், கெட்டுப்போன பல்லைக் கழற்றி வேறு மாட்டலாம். கைப்பழக்கத்துக்கு அது நல்லதுதான். ஆனால் அதற்கு நாக்கு இல்லை, எச்சில் ஊறாது, ஊசியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளாது. சொத்தைப் பல்லின் மெத்தென்ற பகுதி எங்கே முடிகிறது, கெட்டியான பகுதி எங்கே தொடங்குகிறது என்பதைக் கை உணர வேண்டும், அந்த உணர்வு பிளாஸ்டிக்கில் வராது.

அந்த இரண்டு வருடத்தில் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி சமாளித்தது. அமெரிக்காவில் உரிமம் வாங்க உயிருள்ள நோயாளிக்குச் சிகிச்சை செய்து காட்டும் தேர்வு இருந்தது, 2020-இல் பல மாநிலங்கள் அதற்குப் பதிலாகப் பொம்மையில் செய்து காட்டுவதை ஏற்றுக்கொண்டன. ஸ்காட்லாந்து நேர்மாறாகப் போனது. 2021-இல் பட்டம் வாங்க வேண்டிய மாணவர்களிடம், போதுமான சிகிச்சை செய்யவில்லை, இன்னும் ஒரு வருடம் இருங்கள் என்று சொல்லி உதவித்தொகையும் கொடுத்தது. நம் ஊரிலும் இறுதியாண்டை நீட்டிய கல்லூரிகள் உண்டு. மாணவர்கள் அழுதார்கள், பெற்றோர் சண்டைக்குப் போனார்கள். என்னைக் கேட்டால், நீட்டியவர்கள் செய்ததுதான் சரி. ஆறு மாதம் பிந்தி வந்த டாக்டரிடம் நான் தைரியமாகப் பல் பிடுங்கிக்கொள்வேன்.

சரி, வீட்டுக்குப் பக்கத்திலேயே சேர்ப்பதுதானே புத்திசாலித்தனம்? பினாங்கில்தான் யு.எஸ்.எம். இருக்கிறதே?

யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) இருக்கிறது, ஆனால் அதன் பல் மருத்துவப் பள்ளி பினாங்கில் இல்லை! அது கிளந்தானில், குபாங் கிரியான் வளாகத்தில் இருக்கிறது. பினாங்கின் குளுகோரிலிருந்து பேருந்தில் போய்வரலாம் என்று நினைத்து விண்ணப்பித்துவிட்டுப் பிறகு கிளந்தானுக்குப் போகும் கிரிக் மலைப்பாதையைப் பார்த்து மயங்கியவர்கள் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகமும் தேசியப் பல்கலைக்கழகமும் கோலாலம்பூரில். அரசாங்க இடம் கிடைத்தால் தூரத்தைப் பார்க்காதீர்கள், கட்டண வித்தியாசம் அப்படி.

தனியாரில் நமக்குப் பக்கம் என்றால் பட்டர்வொர்த்தில் பினாங்கு இன்டர்நேஷனல் டென்டல் காலேஜ், கெடா செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட். செமிலிங் இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், தமிழ்ப் பிள்ளைகளும் நிறைய. ஆனால் “பக்கம்” என்பது சாதாரண நாளுக்கு மட்டும். கட்டுப்பாட்டுக் காலத்தில் பினாங்குக்கும் கெடாவுக்கும் நடுவே மாநில எல்லை என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் பலருக்கு உறைத்தது. மாநிலம் தாண்ட அனுமதிக் கடிதம், சாலையில் போலீஸ் தடுப்பு. தடுப்பூசி முழுமையாகப் போட்டவர்கள் தாராளமாக மாநிலம் தாண்டலாம் என்று ஆனது 2021 அக்டோபர் 11-இல்தான். அந்த நாள்களில் விடுதியில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்குச் செமிலிங்கும் ஒன்றுதான், கோலாலம்பூர்ச் செராசும் ஒன்றுதான்.

ஆகவே பக்கம் என்பதற்காக மட்டும் சேர்க்காதீர்கள். பக்கத்தில் இருப்பதில் வேறொரு நன்மை உண்டு, அதை யாரும் யோசிப்பதில்லை: நோயாளி. பல்கலைக்கழகக் கிளினிக் இருக்கும் ஊரிலேயே சித்தப்பா, பெரியம்மா, அவர்களுடைய மாமியார் என்று சொந்தம் இருந்தால், நான்காம் ஆண்டில் அந்தப் பிள்ளைக்கு அது பெரிய பலம்.

தமிழ்நாட்டிலோ கர்நாடகாவிலோ படிக்க வைக்கலாமா? செலவு குறைவு என்கிறார்களே.

வைக்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை. இந்தியாவில் படித்தால் செல்லும், செல்லாது என்று பொதுவாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலேசியப் பல் மருத்துவச் சட்டத்தின் அட்டவணையில் அங்கீகரித்த பட்டங்கள் கல்லூரி வாரியாக இருக்கும். நீங்கள் பார்க்கும் கல்லூரியின் பெயர் அதில் இருக்கிறதா என்று மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பட்டியலில் நீங்களே பாருங்கள், ஏஜெண்டு காட்டும் நகலைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பட்டியலில் இல்லாத இடத்தில் படித்தால் திரும்பி வந்து தகுதித் தேர்வு எழுத வேண்டியிருக்கும், அது சுலபமில்லை.

படிப்பு அங்கே நான்கு வருடம், அதன்மேல் ஒரு வருடம் பயிற்சி. நோயாளிக் கூட்டம் பெரும்பாலும் இங்கே உள்ளதைவிட அதிகம், கை நன்றாகப் பழகும், இதை நான் தாராளமாக ஒத்துக்கொள்வேன். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 2020 மார்ச் 23 முதல் இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது, வழக்கமான சேவை மீண்டது 2022 மார்ச் 27-இல். நடுவில் சிறப்பு விமானங்கள்தான். 2021 ஏப்ரல் கடைசியில், அங்கே இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, மலேசியாவும் இந்தியாவிலிருந்து வருவோருக்குக் கதவை அடைத்தது. ஊருக்கு வந்தவர்கள் திரும்பிப் போக முடியாமல் பிறையில் உட்கார்ந்துகொண்டு, இந்திய நேரத்துக்கு எழுந்து இணைய வகுப்பு பார்த்தார்கள். அறையில் துணி, புத்தகம், விலைகொடுத்து வாங்கிய கருவிப்பெட்டி எல்லாம் அங்கேயே கிடந்தன.

பாதி அங்கே, பாதி இங்கே என்ற கூட்டுத் திட்டங்களுக்கு இது இரட்டை அடி. அப்படி ஒரு திட்டத்தில் சேர்வதாக இருந்தால், முதல் பகுதியை அங்கே போய் முடிக்க முடியாமல் போனால் இங்கே முடிக்க ஏற்பாடு உண்டா, அந்த மாற்றத்தை மன்றம் ஏற்றுக்கொள்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

பணம்தான் பெரிய கவலை. கொரோனாவில் சேமிப்பெல்லாம் போய்விட்டது.

இது நம் சமூகத்தில் அதிகம் பேசப்படாத விஷயம். தனியார் பல் மருத்துவப் படிப்புக்கு இரண்டு இலட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆகும், சில இடங்களில் நான்கு இலட்சத்தைத் தொடும். இதற்குப் பல குடும்பங்கள் நம்பியிருந்தது ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கை, ஏனென்றால் பிள்ளைகளின் உயர்கல்விக்கு அதிலிருந்துதான் எடுக்க முடியும். 2020 ஏப்ரலில் வந்த ஐ-லெஸ்தாரி திட்டம் அதே இரண்டாம் கணக்கிலிருந்து மாதம் 500 வெள்ளி வரை எடுக்க விட்டது. பிறகு ஐ-சினார், ஐ-சித்ரா என்று மேலும் பணமெடுப்புத் திட்டங்கள், 2022-இல் இன்னொரு 10,000 வெள்ளி. வேலையிழந்தவர் எடுத்ததில் தவறே இல்லை, அரிசி வாங்க வேண்டுமே. ஆனால் அப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றிலும் இரண்டிலும் இருந்த பிள்ளை இப்போது கல்லூரி வாசலில் நிற்கிறது, கணக்கைத் திறந்து பார்த்தால் எதிர்பார்த்த தொகை இல்லை. 2024 மே மாதத்திலிருந்து கணக்கு மூன்றாகிவிட்டது, கல்விக்கு எடுப்பது செஜாத்ரா கணக்கிலிருந்து. முதலில் அதில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள், பிறகு கல்லூரி தேடுங்கள்.

அரசாங்கத்தின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். உதவும், ஆனால் தனியார் கட்டணம் முழுவதையும் அது மூடிவிடும் என்று எண்ண வேண்டாம். கட்டணம் கேட்கும்போது கூடவே இதையும் கேளுங்கள்: படிப்பு நீட்டிக்கப்பட்டால் அந்தக் கூடுதல் பருவத்துக்கு யார் கட்டுவது? கொரோனா நேரத்தில் ஒரு தனியார் கல்லூரியில், கிளினிக் மூடியிருந்த மாதங்களுக்கும் முழுக் கட்டணம் வாங்கிவிட்டு நீட்டிப்புக்கும் தனியாகக் கேட்டார்கள் என்று என்னிடம் வேலை பார்த்த ஓர் இளம் டாக்டர் பொருமித் தீர்த்தார். கருவிப்பெட்டி, முகக்கவசம், கையுறை யார் கணக்கில் என்பதும் அந்தப் பட்டியலில் சேரட்டும்.

வீட்டை அடமானம் வைத்துத்தான் முடியும் என்றால்? வேண்டாம் என்றுதான் சொல்வேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மகளுக்கு ஆசை, எனக்குப் பயம். எச்சிலோடு வேலை, நோய் ஒட்டிக்கொள்ளாதா?

அம்மாக்கள் இப்படிக் கேட்பது நியாயம்தான். 2020 தொடக்கத்தில் பல் மருத்துவர்தான் மிக ஆபத்தான தொழில் என்று எல்லாத் திரையிலும் ஓடியது. ஆனால் அதே வருடம் ஜூனில் அமெரிக்கப் பல் மருத்துவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், தொற்று வந்தவர்கள் ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு என்று மதிப்பிட்டார்கள். காரணம் மந்திரமில்லை. எச்.ஐ.வி. காலத்திலிருந்தே ஒவ்வொரு நோயாளியையும் தொற்று உள்ளவராகவே நினைத்து வேலை செய்யும் பழக்கம் எங்களுக்கு உண்டு. கையுறை, முகக்கவசம், கண்ணாடி, கருவிகளை அழுத்த நீராவியில் கிருமி நீக்குவது எல்லாம் பழைய விஷயம். கொரோனாவுக்குப் பின் என்.95, முகத்திரை, இன்னும் வலுவான உறிஞ்சு குழாய், இவை கூடுதலாகச் சேர்ந்தன, பல்லை மட்டும் வெளியே விட்டு மீதி வாயை மூடும் பழைய ரப்பர் விரிப்பின் பயன்பாடும் கூடியது.

சிரமம் உண்டு, மறைக்கவில்லை. என்.95-ஐப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் ரூட் கெனால் செய்தால் மூக்குத்தண்டில் தழும்பு விழும், உள்ளே வியர்வை ஊறும், நோயாளி நாம் சொல்வது கேட்காமல் “என்ன டாக்டர்?” என்று மூன்று தடவை கேட்பார். இதெல்லாம் தாங்கும் பிள்ளையா என்று பாருங்கள். உங்கள் பயத்தைவிட அது முக்கியம்.

இப்போதெல்லாம் காணொளியிலேயே கல்லூரியைக் காட்டுகிறார்கள், நேர்காணலும் அதிலேயே. நேரில் போக வேண்டுமா?

போங்கள், கட்டாயம் போங்கள். காணொளிச் சுற்றுலாவில் வரவேற்பறை, நூலகம், பொம்மைத் தலைகள் வரிசையாக இருக்கும் ஆய்வுக்கூடம் எல்லாம் தெரியும். நீங்கள் பார்க்க வேண்டியது சிகிச்சைக் கூடத்தை, அதுவும் சாதாரண வேலை நாளில், காலை பத்து மணி வாக்கில். எத்தனை நாற்காலிகள் இருக்கின்றன என்று எண்ணுவதைவிட எத்தனையில் நோயாளி படுத்திருக்கிறார் என்று எண்ணுங்கள். காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் எத்தனையாவது தடவை வருகிறார் என்று பேச்சுக்கொடுங்கள். நம் ஊரில் அதற்கு யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், பேசுவதற்கு ஆள் கிடைத்ததே என்று சந்தோஷப்படுவார்கள்.

அப்புறம் சிற்றுண்டிச்சாலைக்குப் போய் நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களைப் பிடியுங்கள். கேஸ் கணக்கை முடிக்க எவ்வளவு திண்டாடுகிறார்கள், ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர்கள், 2020, 2021-இல் இருந்த சீனியர்கள் எவ்வளவு தாமதமாக வெளியே போனார்கள், அந்த இடைவெளியில் கல்லூரி என்ன செய்தது. சில இடங்களில் மெழுகையும் செதுக்கும் கத்தியையும் வீட்டுக்கு அனுப்பி, கேமரா முன்னால் பல் செதுக்க வைத்து, திறந்தவுடன் சனிக்கிழமையும் கிளினிக் நடத்தி ஈடுகட்டினார்கள். சில இடங்களில் ஸ்லைடை மட்டும் அனுப்பிவிட்டு மெளனமாக இருந்தார்கள். இந்த வித்தியாசம் எந்த இணையப் பக்கத்திலும் இருக்காது.

படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?

முன்பு போல் உடனே நிரந்தர அரசாங்க வேலை என்று எண்ண வேண்டாம். 2016 இறுதியிலிருந்து புதியவர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். 2021 ஜூலை 26-இல் ஒப்பந்த மருத்துவர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். பட்டம் வாங்கியவர் கட்டாயச் சேவை செய்ய வேண்டும், அந்த இடம் கிடைக்கவும் காத்திருக்க நேரலாம். தனியாரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கடைக்குக் கடை பல் கிளினிக் வந்துவிட்டது, ஜோர்ஜ்டவுனும் கிட்டத்தட்ட அப்படித்தான். சிறு ஊர்களில் இன்னும் ஆள் தேவை. பாலிங், கிரிக், குவா மூசாங் என்றால் முகம் சுளிக்காத பிள்ளைக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

நான் ஏற்கெனவே பல் டாக்டர், சிறப்புப் பயிற்சிக்கு இடம் தேடுகிறேன். எனக்கும் இதே ஆலோசனையா?

பாதிக்குப் பாதி. அமெரிக்காவில் 2020-21 பருவத்தில் சிறப்புப் பயிற்சிக்கான நேர்காணல்கள் பெரும்பாலும் காணொளிக்கு மாறின, பயணச் செலவு மிச்சம் என்று விண்ணப்பித்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள், ஆனால் அந்த இடத்தில் ஆட்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்பது திரையில் தெரியவில்லை. மூன்று நான்கு வருடம் ஒரே பேராசிரியரின் கீழ் இருக்கப்போகிறவருக்கு அது சின்ன விஷயமா? இங்கேயும் அதுதான். மலாயாவிலோ தேசியப் பல்கலைக்கழகத்திலோ முதுகலைக்குப் போகிறவர் ஒரு நாள் விடுப்பு எடுத்து அந்தத் துறையில் போய் நிற்க அனுமதி கேட்கலாம்.

இணையாக, பிரிட்டிஷ் ராயல் காலேஜ் தேர்வுகளை எழுதிக்கொண்டே முன்னேற நினைப்பவர்கள் 2020-இல் தேர்வு தள்ளிப்போய்த் திண்டாடினார்கள். மேற்பயிற்சிக்கான அரசாங்க உதவித்தொகையான எச்.எல்.பி.க்கு விண்ணப்பிக்கிறவர் அந்தத் தேதிகளோடு தேர்வுத் தேதிகளைப் பொருத்திப் பார்த்து, ஒரு தடவை தவறினாலும் தாங்குகிற மாதிரி இடைவெளி விட்டுத் திட்டமிடுங்கள்.

டாக்டர் படிப்புக்கு மதிப்பெண்ணும் பணமும் பற்றாது. வேறு வழி?

இருக்கிறது, அதுவும் பினாங்கிலேயே. மெக்காலிஸ்டர் சாலையில் பல் தாதியர் பயிற்சி 1949-இலேயே தொடங்கிவிட்டது. பள்ளிக்கு வந்து நம் பல்லைப் பார்த்துப் பயமுறுத்திய மிஸ்ஸிகளில் மூத்தவர்கள் பலரும் அங்கே பயின்றவர்கள்தான். இப்போது அவர்களைப் பல் சிகிச்சையாளர் என்கிறார்கள், படிப்பு டிப்ளோமா, சுகாதார அமைச்சின் கீழ். பிள்ளைகளுக்குப் பல் அடைப்பதும் பிடுங்குவதும் அவர்களே செய்வார்கள். 2018-ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்த பிறகு, தனியார் கிளினிக்கிலும் வேலை செய்ய வழி திறந்திருக்கிறது. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடியதால் பள்ளிப் பல் சேவை நின்றுபோய், பார்க்கப்படாத பற்கள் நிறைய. ஆகவே வேலை இருக்கிறது. நம் பிள்ளைகள் இதற்கு விண்ணப்பிப்பதே அரிதாக இருப்பது எனக்கு வருத்தம்.

இன்னொரு பெருந்தொற்று வந்தால் என் பிள்ளை நடுவில் மாட்டிக்கொள்ளுமா?

மாட்டிக்கொள்ளலாம். அதற்காக இப்போதே வேறு படிப்புக்கு ஓட வேண்டியதில்லை. முதல் இரண்டு வருடத்தில் வந்தால் சேதம் குறைவு, உடற்கூறும் வேதியியலும் வீட்டிலிருந்தே படிக்கலாம். நான்காம், ஐந்தாம் ஆண்டில் வந்தால்தான் வலி. அப்படிப்பட்ட நேரத்தில் தாங்குகிற கல்லூரி எது என்று பார்த்தால், சொந்தமாகப் பெரிய கிளினிக் இருக்கிற, நோயாளிகள் ஏற்கெனவே பழகியிருக்கிற, காற்றோட்டமும் தடுப்பும் செய்துவைத்திருக்கிற இடமாக இருக்கும். வாடகைக் கட்டடத்தின் ஒரு தளத்தில் குளிர்சாதனத்தை மட்டும் நம்பி நாற்காலிகளை நெருக்கிப் போட்டிருக்கும் இடத்தை நான் யோசித்துத்தான் சொல்வேன்.

பிள்ளை ஒன்று செய்யலாம்: கேஸைக் கடைசி ஆண்டுக்கென்று ஒத்திப்போடாமல், கிடைக்கும்போதே முடிக்கட்டும். பல் செட் கேஸை முதலில்.

சேர்வதற்கு முன் இப்போதே செய்ய வேண்டியது ஏதாவது?

ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். குழந்தையில் போட்டிருந்தாலும் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று கல்லூரி சோதிக்கச் சொல்லும், குறைவாக இருந்தால் மறுபடி போட வேண்டும், மூன்று ஊசி என்றால் ஆறு மாதம் பிடிக்கும். அட்டை கிடைக்கவில்லை என்றால் பிறந்தபோது கொடுத்த அந்தச் சுகாதாரப் புத்தகத்தில் பாருங்கள், பெரும்பாலும் அம்மாவின் அலமாரியில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.